சாவு வீட்டு முறை

ஐயா,

நீங்கள் போன பத்தாம் நாளே உங்கள் வீட்டார் புத்தகங்களையெல்லாம் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பெட்டியைப் பிரித்தபோது கருவாட்டு வாசம் அடித்தது. அடியில் என் நோட்டு. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இரண்டு வருஷம் அலைந்து எழுதி, உங்களுக்கென்று கொண்டுவந்த கருவாட்டோடு ஒரே பையில் வைத்துக் கொடுத்த நோட்டு. திருப்பிக் கேட்டதற்கு, "எங்கிட்ட இல்லையேம்மா, பஸ்ல விட்டிருப்பே" என்றீர்கள். அதை நம்பி நான் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்தேன்.

டச்சுக்காரர் காலத்தில் எங்கள் ஊர் மீனவர்கள் ஏரியை எப்படிப் பங்கிட்டார்கள் என்பது என் ஆய்வு. இன்ன நாள், இன்ன இடத்தில், இன்ன குடும்பம் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர், இன்றும் நடக்கிறது. சீட்டுப் போடும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. அதனால் கரையில் கண்டதை வைத்து, சாவு விழுந்த வீட்டுக்கு அந்த முறை போய்விடும் என்று எழுதிவிட்டேன்.

பிறகு அதை நைனாவிடம், என் அப்பாவிடம், சொன்னேன். அவர் வலையிலிருந்து தலை தூக்காமலே சிரித்தார். "இன்னா எழுதி வச்சிருக்கே? சாவு வூட்டு முறை எங்கியும் போவாது. பதினாறு முடிஞ்சி அவங்க வர்ற வரைக்கும் நிக்கும்."

திருத்தவேண்டும் என்று சொல்ல ஓடிவந்தேன். உங்கள் மேஜைமேல் புது ஆய்விதழ் கிடந்தது. என் வரிகள், உங்கள் பெயர். என் தப்பும் அப்படியே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலில் நீங்களே நிபுணராக உட்கார்ந்திருந்தீர்கள். "இதெல்லாம் நான் எழுதினதுதானே. நீ புதுசா என்ன பண்ணியிருக்கே?" என்றீர்கள். மற்றவர்கள் என்னைத் திருடியைப் போலப் பார்த்தார்கள். வேலை உங்கள் இன்னொரு மாணவருக்குப் போனது. நான் ஒன்பது வருஷம் கௌரவ விரிவுரையாளராக ஊர் ஊராக ஓடினேன். நைனா கேட்கும்போதெல்லாம் அடுத்த தடவை கிடைத்துவிடும் என்பேன். கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார். அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

இப்போது அதே துறையில் நான் பேராசிரியர். ஆய்வில் சேருகிறவர்களுக்கு முதல் வேலையாக உங்கள் கட்டுரையைக் கொடுத்து, தப்பைக் கண்டுபிடித்து வாருங்கள் என்று ஏரிக்கு அனுப்புவேன். ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். "இவரு ஏரியப் பார்த்ததே இல்லையா, மேடம்?" என்றாள் ஒருத்தி. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு ருசித்தது.

உங்கள் நினைவு மலருக்கு என்னிடமும் கட்டுரை கேட்டிருந்தார்கள். நோட்டில் என் தப்பான வரிக்குக் கீழே சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தையும் உங்கள் கட்டுரைப் பக்கத்தையும் அருகருகே படமெடுத்தேன். இந்தத் தப்பு என்னுடையது என்று கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஆனால் உடனே அனுப்பவில்லை. உங்கள் வீட்டில் பதினாறு முடியட்டும் என்று காத்திருந்தேன். நேற்று முடிந்தது, இன்று காலை அனுப்பிவிட்டேன். சாவு என் வீட்டிலும் விழுந்ததுதான், ஐயா. என் முறை எங்கும் போய்விடவில்லை.