கூட்டுக்கு மூன்று தடயங்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகளுக்கு,

கிள்ளான் ஆற்றோரத்தில் நீ கண்காணித்து வந்த கடற்கழுகுக் கூட்டை யார் காட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று போனில் அழுதுகொண்டே கேட்டாய். "மீன் பிடிக்கிறவங்களா இருக்கும் லா" என்றேன். அவர்கள்மேல் பழியைப் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

நான்தான், கண்ணு.

"எடத்த மட்டும் எழுதிடாதீங்கம்மா" என்று நீ கேட்டுக்கொண்டதால், என் இயற்கைக் கட்டுரையில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். ஆனால் யாரும் சாகாத துப்பறியும் நாவல்கள் பதினொன்று எழுதிய கை சும்மா இருக்குமா? வாசகருக்குத் தடயம் வைத்தே பழகிவிட்டது. சிவப்புத் தகரக் கூரை போட்ட மீன் கடை, உடைந்த படகுத்துறை, அதற்கு நேர் எதிரே பட்டுப்போன மரம். எல்லாவற்றையும் எழுதினேன்.

போன மாதம் நூலகக் கூட்டத்தில் ஒருவர் ஓடிவந்தார். "ஆன்டி, மூணு க்ளூலயே எடத்தப் பிடிச்சிட்டேன்! ட்ரோன் விட்டு எடுத்தேன். கூட்டாளிங்ககிட்டயும் சொல்லிட்டேன்" என்று போனை நீட்டினார். படத்தில் குஞ்சு வாயைத் திறந்திருந்தது. அவரைத் தடுத்திருக்கலாம். உன்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

நேற்று தனியாகப் போய்ப் பார்த்தேன். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ட்ரோன்களுக்கு மிரண்டு இரண்டும் பறந்துபோய்விட்டன, பட்டினியில் செத்த குஞ்சை எடுத்துப் புதைத்தது நீதான் என்று மீன் கடைக்காரர் சொன்னார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று அந்த மனிதர் கையெழுத்துக்காக என் புத்தகத்தைக் கொடுத்தபோது, நான் பூரித்துப்போய் எழுதிக் கொடுத்தது இதுதான்: "என் மிகக் கூர்மையான வாசகருக்கு, அன்புடன்."

உன்
அம்மா