அரைப்பிடி

2009 மார்ச் 11

ஆச்சிப்பிள்ளையின் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை ஒரு படகு என்பதை இன்றுதான் கண்டேன். கவிழ்த்துப் போட்டு, சுற்றிவரக் கல் அடுக்கி, உள்ளே ஐந்து ஆடு. படர்ந்திருந்த கொடியை இழுத்துவிட்டுப் பார்த்தால் ஸ்பீட் போட்! ஃபைபர். முன்னால் கத்திபோல் கூராகிப் பின்னால் தட்டையாக விரியும் அடி. எந்த ஹோட்டலில் இருந்து சுனாமி இழுத்து வந்ததோ.

“இத ஏன்கா தடவித் தடவிப் பாக்காய்?”

“எனக்குத் தாங்க. வேற கொட்டில் நான் கட்டித் தாறன்.”

“ஆர் ஓட்டுற? உன்ட அப்பனா?” கிழவி சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. “அரைப்பிடியனுக்கு ஸ்பீட் போட்டாம்!”

அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் அது. எஞ்சின் கைபிடியை அரைவாசிக்கு மேல் முறுக்க மாட்டார். சுனாமியில் அம்மாவையும் படகையும் கொடுத்தவர், பயந்துபோனார் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் அதிகம் எரிகிறது.

2009 மார்ச் 14

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மீனவர் சங்கத் தலைவர் வல்லிபுரம். அவருடைய ஒரு தோணியைக்கூடக் கடல் தொடவில்லை. நிவாரணப் படகு அவருக்கு மூன்று. அப்பாவுக்கு “அடுத்த முறை”. அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை. இப்போது அப்பா வல்லிபுரத்தின் படகில் கூலிக்கு ஓடுகிறார். தனக்கு வரவேண்டிய படகில் தானே கூலி! கேட்டால், “விடு மனே” என்கிறார். எதை விடுகிற?

அந்தப் படகுகளைச் செய்த கைகளில் என்னுடையதும் உண்டு. வெள்ளைக்காரரின் நிறுவனம் ஒன்று பெண்களுக்குச் சுயதொழில் என்று ஃபைபர் வேலை பழக்கியது. முதல் பத்துப் படகை நல்ல பலகை வைத்துச் செய்தோம். பிறகு சுனாமி நினைவுதினம் நெருங்கியது. படம் எடுக்க எண்ணிக்கை வேண்டும். எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கு, சாமான் வந்த பெட்டிகளை உடைத்து வைத்து மேலே ஃபைபர் போட்டு மூடச் சொன்னார்கள். “முழுப்பிடி முறுக்கினா எஞ்சினோட பிச்சுக்கிட்டுப் போகும்” என்றேன். மேற்பார்வையாளன், “நீ தேத்தண்ணி ஊத்து” என்றான். அடுத்த நாள் எனக்கு வேலை இல்லை.

அந்த நல்ல பத்தில் மூன்று யாருக்குப் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டுமா? பெரிய மனிதருக்குப் பெரிய மனிதர்.

பின்னேரங்களில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாவியில் பொடியன்கள் படகைச் சோடி சோடியாக நேரே ஓடவிடுகிறார்கள். திருப்பம் இல்லை, சுற்று இல்லை. ஒரே மூச்சு. எப்போதும் வல்லிபுரத்தின் படகுதான் முந்துகிறது, அப்பா ஓட்டாத நாட்களில். பதினைந்து குதிரைவலுவுக்கு மேல் எஞ்சின் வைக்க ஆமிக்காரன் விடமாட்டான். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால், வெல்வது அடியின் வடிவம். அந்த அடி ஆட்டுப் புழுக்கைக்கு மேல் கவிழ்ந்து கிடக்கிறது.

2009 மார்ச் 29

கொட்டில் கட்டி முடித்தேன். கை முழுக்கக் கொப்புளம். மாமா மகன் டிலக்சன் வந்து படகைப் புரட்ட உதவினான். எஞ்சின் வேலை தெரிந்தவன். இயக்கம் பிடித்துக்கொண்டு போய், தப்பி வந்து, இப்போது கிழமைக்கு ஒருக்கா ஆமி முகாமில் கையெழுத்து வைக்கிறவன். அவனுடைய அண்ணன் நிலோஜன் இன்னும் வன்னியில், சண்டைக்குள். உயிரோடு இருந்தால்.

“மச்சாள், பின்பலகை முழுக்க உக்கல்.”

“தெரியும். அதுதான் முதல் வேலை.”

2009 ஏப்ரல் 20

ஆமி வந்தது. ஸ்பீட் போட் என்றால் வேறு யாருடையதாக இருக்கும்? டிலக்சனை முழங்காலில் இருத்திவிட்டார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை, அதனால் நானும் பக்கத்தில். ஆச்சிப்பிள்ளை ஓடிவந்து, “டேய், இது புலிட இல்லடா, என்ட ஆட்டுக் கூரைடா! மோந்து பாரு!” என்று கத்தினாள். தமிழ் விளங்கிய ஒருவன் உண்மையாகவே குனிந்து மோந்து பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு, “போ, போ” என்றான்.

ஊர் முழுக்கச் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டு மூத்திரத்தின் சாட்சியில்தான் நாங்கள் மனிதர்.

2009 மே 6

நான் ஒரு மொக்கு. மிதப்புக்காக அடித்தட்டுக்குள் ரிஜிபோம், அந்த வெள்ளை நுரைக்கட்டி, அடைத்து, மேலே ஃபைபர் ஒட்டும் றெசின் ஊற்றினேன். கண் முன்னால் புகைந்து உருகிக் குழம்பாகிப் போனது. றெசின் வாங்கும் காத்தான்குடிக் கடைக்காரர் கச்சி முகம்மதுவிடம் சொன்னால், மனிதர் தொப்பியைக் கழற்றி வைத்துச் சிரிக்கிறார்.

“அது ரிஜிபோமத் திண்டுடும் புள்ள. ஒங்களுக்கு ஆரும் சொல்லல்லயா?”

பயிற்சியில் சொல்லவில்லை. பயிற்சியில் தலையில் துணி கட்டிக்கொண்டு கமராவைப் பார்க்கத்தான் பழக்கினார்கள்.

வெறும் தண்ணீர்ப் போத்தல்களை இறுக்கி மூடி அடைக்கப் போகிறேன்.

2009 மே 19

சண்டை முடிந்ததாம். டவுனில் பட்டாசு. கடைகளில் கொடி கட்டச் சொல்லியிருக்கிறார்கள், கட்டியிருக்கிறார்கள். டிலக்சன் வந்து உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். நானும் தேய்த்தேன். ஃபைபர் தூள் கழுத்தெல்லாம் ஏறி அரிக்கிறது. சொறியச் சொறிய எரிகிறது. நல்லது, எரியட்டும்.

2009 ஜூலை 2

நிலோஜனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றும் தேய்த்தேன்.

2009 நவம்பர் 15

பின்பலகை முடிந்தது. சுனாமியில் இடிந்த எங்கள் வீட்டின் தேக்கங்கதவு. இரண்டாக அறுத்து, வெயிலில் காயவைத்து, ஒட்டி, நாலு பூச்சு. விரல் முட்டியால் தட்டினால் டக் என்று திருப்பிச் சொல்கிறது. அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். கிட்ட வரவில்லை.

2010 பெப்ரவரி 21

சித்திரை வருடப்பிறப்புக்கு வாவியில் படகுப் போட்டியாம். சமாதானம் வந்துவிட்டதென்று காட்ட வேண்டாமா? நேர் ஓட்டம், சோடி சோடியாக. எஞ்சின் பதினைந்து மட்டும். டிலக்சன் பழைய எஞ்சின் ஒன்றைத் திருத்தித் தந்திருக்கிறான்.

2010 ஏப்ரல் 3

பெயர் கொடுக்கப் போனேன். மேசையில் இருந்தவன், “தங்கச்சி, பொம்பிளையளுக்குத் தேங்காய் துருவுற போட்டி அங்கால” என்றான். படகு எந்தத் தேங்காயில் ஓடும் என்று கேட்டேன். டிலக்சனின் பெயரைப் பதிய முடியாது. போட்டியன்று அவன் முகாமுக்குப் போகவேண்டும். நான்தான் ஓட்டுவேன், எழுதினால்தான் எழும்புவேன் என்று அங்கேயே குந்திவிட்டேன்.

பின்னால் வல்லிபுரம். “எழுதுங்க, எழுதுங்க. என்ட போட்டோட சோடி போடுங்க. ஓட்டுறது ஆரெண்டு கேளுங்க. இவட அப்பன். ஒரு பொட்டைக்கு அரைப்பிடியே போதும்.”

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை மன்னிக்க மாட்டேன்.

2010 ஏப்ரல் 16

இரவுச் சோற்றில் சண்டை.

“முடியாதெண்டு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?”

“அவன்ட போட்தானே மனே.”

“அது உங்கட போட்! நாளைக்கு எனக்கு விட்டுத் தரப்படாது. பிச்சை வெற்றி எனக்கு வேணாம். ஒரு நாளைக்காவது முழு மனிசனா ஓட்டுங்க.”

சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனார். சரியாகத்தான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா?

2010 ஏப்ரல் 17

ஒழுங்காக எழுதவேண்டும்.

கயிற்றுக்குப் பின்னால் இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அலையில் அப்பாவின் படகு என் பக்கம் சாய்ந்தது. தள்ளிவிடக் கை வைத்த இடம் அதன் பின்பலகை. கைப்பழக்கம், முட்டியால் தட்டினேன். டக் என்று வரவில்லை. நனைந்த மட்டையில் அடித்ததுபோல் மொத்தென்றது.

பெட்டிப் பலகை. வல்லிபுரத்துக்கும் பெட்டிப் பலகை!

“அப்பா, இறங்குங்க. பின்பலகை உக்கிப் போச்சு.”

“உனக்கு இண்டைக்கா தெரியும்? நான் நாலு வரிசமா ஓட்டுறன்.”

“அதுக்கா... அதுக்கா அரைப்பிடி?”

“சொன்னா போட்டக் கரையில ஏத்திருவான். பிறகு நாம என்னத்தத் திங்கிற?”

“மற்றவனெல்லாம் முழுப்பிடியில ஓட்டினானே?”

“அவனுகள் ஓட்டினது மற்ற ரெண்டையும். இதத்தான் எனக்குத் தாறவன்.”

“அப்ப இண்டைக்கும் அரைப்பிடியில வாங்க. அப்பா, கேளுங்க —”

“விட்டுத் தரப்படாதெண்டு நீதானே சொன்னாய்.”

கொடி விழுந்தது.

அப்பா முழுக்க முறுக்கினார். நானும் முறுக்கினேன், ஏன் என்று தெரியாது. என் படகு மூக்கைத் தூக்கித் தண்ணீருக்கு மேல் எழும்பியது. அவருடைய படகு என் முழங்கைக்கு நேரே, விலகவே இல்லை. இப்படி ஓட்டத் தெரிந்த மனிதர் நாலு வருடம் ஊரின் பகிடியைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குச் சோறு போட. அரைவாசித் தூரத்தில் விறகு பிளக்கும் சத்தம். எஞ்சின் பின்பலகையோடு பிய்ந்து வாவிக்குள் போனது. படகு பின்பக்கமாகக் குந்தியது.

முடிவுக்கோடு எனக்கு முன்னால் தெரிந்தது. கரையில் எல்லாரும் கத்தினார்கள். திருப்பினேன்.

அப்பாவைக் கமுக்கட்டில் பிடித்து இழுத்து ஏற்றினேன். நெடுநேரம் இருமினார். பிறகு கையைப் பின்னால் நீட்டி என் பின்பலகையில் முட்டியால் தட்டினார். இரண்டு முறை.

“இது பலகை” என்றார்.

2010 ஏப்ரல் 18

“பெண் ஓட்டுநர் கிளப்பிய அலையினால் விபத்து” என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். கோட்டைத் தாண்டாததால் நானும் தோல்வி. கோப்பை யாருக்கோ. எவனுக்கென்று கேட்கவும் இல்லை.

கரை ஒதுங்கிய பின்பலகைத் துண்டைத் தூக்கிக்கொண்டு வல்லிபுரத்தின் வீட்டுக்குப் போனேன். அப்பாவை இனி வரவேண்டாம் என்றார். சரி. துண்டை மேசையில் போட்டேன். உரிந்த ஃபைபருக்குள் பெட்டியில் அடித்த சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

“உங்களுக்கும் இதத்தான் தந்திருக்கானுகள், தலைவர்.”

துண்டைத் திருப்பிப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

“மற்ற ரெண்டும்?” என்றார்.

“அதுல உங்கட மகன்தானே தொழிலுக்குப் போறார். தட்டிப் பாருங்க.”

வீடு வரும் வழியெல்லாம் வெற்றி பெற்றவள்போல் நடந்தேன். வீட்டில் அப்பா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்காமல் அரிசி களைந்தேன்.

2010 மே 2

விடியப் பார்த்தால் படகைக் காணவில்லை. வலையும் இல்லை. அப்பாவும் இல்லை. ஒரு சொல் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வருடம் தேய்த்தவள் நான், கேட்க வேண்டாமா?

திட்டுவதற்கென்றே கரைக்குப் போனேன். ஆச்சிப்பிள்ளை ஆடுகளோடு நின்று, கையை நெற்றியில் வைத்து வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆருகா அது, இந்தப் போக்குப் போறான்?”

பனி மூட்டத்தில் ஆள் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது. முழுப்பிடி.