வடக்குச் சுவரும் பிளீச்சிங் பவுடரும்

பாறசாலை,
திங்கட்கிழமை

அன்பு மகள் சுமிக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் தயவால் நானும் அப்பாவும் நல்ல சுகம், உன் சுகத்தையும் காலை ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்று ஆராதனை முடிந்து ஆலயத்தின் வடக்குச் சுவருக்கு முன்னால் நின்றவர்கள் போதகர், சபைச் செயலாளர் ராஜையா, கொத்தனார் கிருஷ்ணன்குட்டி, மாதர் சங்கத்து ராஜபாய், அப்பா, நான், ஆக ஆறு பேர். விரிசல் மூடியிருந்தால் சுவர் நிற்கட்டும், இல்லாவிட்டால் இடித்துவிட்டு ஹாலோபிளாக் கல் வைத்துக் கட்டுவோம் என்று பார்த்து முடிவெடுக்கக் கமிட்டி குறித்திருந்த நாள் நேற்றுதான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன் மக்கா. உன் சிநேகிதி ரெஷ்மா திருவனந்தபுரத்திலிருந்து கொண்டுவந்து விரிசலுக்குள் விட்ட உன் ஆராய்ச்சி மருந்து, சுண்ணாம்பாக இறுகி விரிசலை அடைக்குமே அந்தப் பாக்டீரியாத் தண்ணீர், காயாமலிருக்க, நீ சொன்னபடி இரண்டு மாதமாக இருவேளையும் ஓஸ் பிடித்து நனைத்தேன், அதற்கான தீனியை வாராவாரம் அப்பா ஏணியில் ஏறி ஊற்றினார், எல்லாம் தேதி போட்டு நோட்டில் உண்டு. அந்த ஈரத்தில் சுவரின் கீழ்ப்பக்கம் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. சபையின் அசன விருந்துக்கு முந்தின நாள் நாங்கள் பெண்கள் ஆலயம் கழுவுவோமே, அப்போது ராஜபாய், “இதாக்கும் உனக்க மொவளுக்க மருந்து? சுவரு ஆறல்ல, பாசியாக்கும் வளருது” என்று எல்லாரும் கேட்கச் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கை எட்டுமட்டும் நானே தேய்த்துக் கழுவினேன். சுவர் வெளுத்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான், கிணற்றில் கிருமி சாக இதைத்தானே போடுகிறோம், உன் பாக்டீரியாவும் செத்திருக்குமே என்று உறைத்தது.

நேற்று ராஜையா ஒரு கலியாணக் கார்டை விரிசலின் கீழ்ப்பகுதியில் செருகினார், கார்டு பாதிவரை சுலபமாக உள்ளே போயிற்று. “கண்டீரா, படிச்ச பிள்ளைக்க வித்தைய? புதன்கிழமை ஆளு வரட்டு, இடிச்சிருவோம்” என்றார். நான் வாயைத் திறக்காவிட்டால் உன் மருந்து தோற்றதாகிவிடும். அதனால் பிளீச்சிங் போட்டுக் கொன்றது நான்தான் என்று போதகர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கிருஷ்ணன்குட்டிதான், “அக்கா, உமக்க கை எட்டினது எதுவரைக்கும்?” என்று கேட்டு, ஏணியில் ஏறி, நான் கழுவாத இடத்தில் கார்டை அழுத்தினார். கார்டு வளைந்தது, உள்ளே போகவில்லை. “செயலாளரே, உள்ள கேறல்ல கேட்டீரா. இது நான் பூசினதும் இல்ல” என்றார். ராஜையாவும் ஏறி, வெள்ளையாக இறுகிக்கிடந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், உதிரவில்லை. இறங்கி வந்து, “செரி, ஈஸ்டர் வரை நிக்கட்டு. ஆனா ஜெயபாய் பக்கெட்டும் கொண்டு இந்தப் பக்கம் வரப்பிடாது” என்றார். ராஜபாய்தான் முதலில் சிரித்தாள், பிறகு நானும்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அந்த ஊர்க் குளிரில் தலை நனைந்தபடி வெளியே போகாதே, வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளாதே. ஆண்டவர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பார்.

கழுவின இடத்தை எத்தனை நாள் வெறும் தண்ணீரில் அலசவேண்டும், மறுபடியும் மருந்து விடலாமா? ரெஷ்மா சனிக்கிழமை வருகிறாள், அதற்கு முன்பே பதில் எழுது.

உன் அம்மா
ஜெயபாய்