உன் பெயரில் ஒரு பூ

எங்களை விட்டுப் போன பியூக்ஸுக்கு,

நமாக்வா பாலைநிலப் பாறைகளுக்கிடையில் நான் கண்டெடுத்த, இதுவரை பெயரில்லாத சதைப்பற்றுள்ள செடிக்கு 'ஸ்டபீலியா பியூக்ஸி' என்று உன் குடும்பப் பெயரையே வைத்துவிட்டேன். தாவரவியல் ஆய்விதழில் பெயர்க் காரணம் எழுதும் இடத்தில் 'என் கணவர் நினைவாக' என்று மட்டும் போட்டேன்.

தேவாலய வாசலில் உன் அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "விட்டுட்டு ஓடினவன் பேரையே வச்சிருக்கியே, குடுத்து வச்சவன்மா என் தம்பி" என்றார்.

"பூக்கட்டும், வந்து மோந்து பாருங்க" என்றேன்.

அந்தப் பூ செத்த ஆடு மாதிரி நாறும். இறைச்சி என்று நம்பி ஈ வந்து முட்டையிடும். பொரிந்து வரும் புழுக்கள் தின்ன எதுவுமின்றிச் சாகும். நீ போனபின் நம் மகள் பசித்து அழுததை நான் மறக்கவில்லை.

அச்சேறிய பெயரை இனி யாராலும் மாற்ற முடியாது. நீ செத்த பிறகும் அது ஆண்டுதோறும் பூக்கும்.

இப்படிக்கு,
உன்னை நம்பி வந்த ஈ