இறக்கச் சொன்ன கை

அன்புள்ள மாமு,

ஐ.சி.யூ.வுக்குள் உன் மனைவி, என் தங்கச்சி ஜூடியை மட்டும்தான் விடுகிறார்கள். உன் காதருகே அவள் படிப்பாள் என்று எழுதுகிறேன். உன் வண்டியைக் கல்மண்டபத்தில் உன் வீட்டில் விட்டுவிட்டேன். மழை பட்டால் திட்டுவாயே, மூடியும் வைத்தேன்.

நேற்று சாரம் சரிந்து நீ மேல்தளத்தில் விழுந்ததை கிரேன் கூண்டிலிருந்து பார்த்தேன். உன் வாக்கிடாக்கியும் நொறுங்கிவிட்டது. அடிபட்டவர்களை இறக்கும் தொட்டில் ஸ்ட்ரெச்சரில் உன்னைக் கட்டி என் கொக்கியில் மாட்டினார்கள். ஆளுக்கொரு பக்கம் கையை ஆட்டினார்கள். ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சைகை காட்டத் தெரிந்த ஒரே ஆள் தொட்டிலுக்குள் கிடந்தான்.

அப்போது உன் கை வெளியே வந்தது. விரல் கீழ்நோக்கிச் சுழன்றது. இறக்கினேன்.

தங்கச்சி, இந்த இடத்தில் நிறுத்தாமல் படி அம்மா.

பாதி வழியில் அந்தக் கை தொங்கிவிட்டது.

"என் கை நின்னா நீயும் நின்னுடணும் மாமு. எவன் கத்துனாலும் காதுல வாங்காத" என்று தினமும் சொல்வாய். நிறுத்திவிட்டேன். கீழே, "எறக்குடா! மேல இன்னா பண்ணிகினு கீற?" என்று கத்தினார்கள். கடல்காற்றில் நீ ஆடிக்கொண்டிருந்தாய். கை மறுபடி எழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நானாகத்தான் இறக்கினேன்.

எவ்வளவு நேரம் தொங்கவிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். 

கண்ணாடி வழியே உன் கை தெரிகிறது. எல்லோரும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். நீ விரலை அசைக்காமல் நான் எப்படி நகர்வது?

உன் கையையே பார்த்துக்கொண்டு,
கூண்டுக்காரன்