ஞானஸ்நான விருந்துக்குப் பன்னிரண்டு பாட்டில்

வெள்ளிக்கிழமை, இரவு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாப்பா அமலிக்கு ஞானஸ்நானம். இன்று சாப்பாட்டு மேஜையில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துபாயிலிருந்து வந்திருக்கும் இவருடைய அண்ணன், விருந்தில் எல்லாரும் நுரை பொங்கும் ஒயினைத் தூக்கிப் பிடித்து வாழ்த்த வேண்டும் என்கிறார். பாட்டிலுக்கு ஆறு கிளாஸ், அறுபது பேருக்குப் பத்து, சிந்துவதற்கு இரண்டு. மேதை! பிள்ளையின் ஞானத்தாய் யாரென்று கேட்டால் விழிப்பார்.

"பாண்டியில பாதி வெல. நாளைக்கு நம்ம வண்டியில போய் அள்ளிட்டு வந்துரலாம்."

"செக்போஸ்ட்ல புடிச்சா, மாமா?"

"அதுக்குத்தான் நீ பாப்பாவ வச்சிக்கிட்டு முன்னாடி உக்காரு. பாட்டிலெல்லாம் டயப்பர் பைக்கு அடியில. பச்சப்புள்ளைக்கு அடியில எவன்மா தேடுவான்?"

"இவருக்கு கவர்மெண்டு வேல. கேஸாச்சுன்னா?"

"நீ ஜாஸ்தி யோசிக்கிற."

இவர் தலையைக் குனிந்து மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் இவருக்கு வாய் இருந்ததே இல்லை. தனியாக வந்ததும் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசினார்.

"நாளைக்குப் பாப்பாவுக்கு அந்த ரோஸ் கவுன் போடு. போலீஸ்காரன் பாத்தா சிரிக்கணும்."

சொல்லிவிட்டுத் தூங்கியும் விட்டார். குறட்டை வேறு.

பன்னீர் சோடாவைத் தூக்கி வாழ்த்தட்டும். அதிலும் நுரை வரும்.

கார் சாவியை அமலியின் மெத்தைக்குக் கீழே வைத்துவிட்டேன். பச்சைப்பிள்ளைக்கு அடியில் எவனும் தேடமாட்டானாம். அவர்தானே சொன்னார்.