பேன் தூங்குமா, டீச்சர்?

10 ஜூலை 2006, திங்கள்

பேன் தூங்குமா?

தெரியவில்லை. விலங்கியலில் முதுகலை, இத்தனை ஆண்டுகளாகத் திருத்தங்கலில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல். இன்று பானுப்பிரியா எழுந்து இதைக் கேட்டபோது, "பாடத்தைக் கவனி" என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வதுதான். கேட்டுவிட்டு அவள் தலையைச் சொறிந்தாள். பெஞ்சே சொறிந்தது. இடுப்பு வரை சடை அவளுக்கு. குளிக்கும்போதுகூட அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குளிப்பாள் என்கிறார்கள் தோழிகள்.

12 ஜூலை, புதன்

பானுவின் அம்மா அய்யம்மாளை வரச்சொன்னேன். எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகிறவர். வாசலிலேயே தொடங்கிவிட்டார். "எங்க வீட்ல பேனே கிடையாது டீச்சர். பக்கத்துல உக்காருதே, சண்முகத்தாய் மக, அது தலையில இருந்துதான் பறந்து வருது."

பேன் பறக்காது, குதிக்காது, தலையும் தலையும் ஒட்டும்போது ஏறிப்போகும் என்றேன்.

"அப்பச் சரி. சீமெண்ணெய ஊத்தி அலசிர்றேன்."

"சீமெண்ணெய்த் தலையோட பட்டாசு கம்பெனிக்குள்ள போவீங்களா?"

"எனக்கா ஊத்துறேன்? பிள்ளைக்குத்தான டீச்சர்!"

தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் பற்றிக்கொள்ளும் என்று பயமுறுத்த வேண்டியதாயிற்று. மருந்துக்கடையில் கிடைக்கும் லோஷனின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பேன் உள்ள எல்லாத் தலைக்கும் ஒரே நாளில் தேய்க்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும்; இடையில் பேன்சீப்பு. 'ஒரே நாளில்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சாயங்காலம் சண்முகத்தாயையும் பார்த்தேன். அவர் வீட்டிலும் பேன் கிடையாதாம். அய்யம்மாள் மகள் தலையில் இருந்துதான் பறந்து வருகிறதாம்.

21 ஜூலை, வெள்ளி

அவமானம்.

மதிய இடைவேளையில் எல்லோருக்கும் பேன் சீவிவிட்டேன். வெள்ளைத்தாளில் சீவினால்தான் விழுவது தெரியும், ஆளுக்கொரு பெரிய தாள் கொண்டுவாருங்கள் என்று சொன்னது நான்தான். இந்த ஊரில் பெரிய வெள்ளைத்தாளுக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யோசித்திருக்க வேண்டாமா? அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. முன்பக்கம் சாமி.

கண்ணாடி போட்டும் எனக்கு ஈர் தெரியவில்லை. ஒவ்வொரு தலையோடும் என் தலையை ஒட்டவைத்துத்தான் பார்த்தேன். நல்ல வேட்டை. விழுந்ததையெல்லாம் தாளிலேயே நகத்தால் நசுக்கினோம். பிறகு பானு தன் தாளைத் திருப்பினாள் — இருக்கன்குடி மாரியம்மன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அய்யம்மாள் வந்து நிற்கவேண்டுமா? கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா முதுகுலயா பேன் குத்துனீக!"

சத்தம் கேட்டுப் பள்ளித் தாளாளர் நவநீதகிருஷ்ணன் வந்தார். அவருடைய அச்சகத்துத் தாள்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கலர் நல்லாத்தான விழுந்திருக்கு, இதையா கழிச்சாங்க?" என்றார். அவர் கவலை அவருக்கு.

அய்யம்மாள் ஒரே பிடியாக நின்றார். குத்தம் ஆகிவிட்டது, ஆடிக் கடைசி வெள்ளியன்று பானுவுக்கு இருக்கன்குடியில் மொட்டை. பானு சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள்.

எனக்குக் கோபம். "ஆடிக்குள்ள இவ தலை சுத்தமாகலேன்னா நான் போட்டுக்கிறேன் மொட்டை!" என்று கத்திவிட்டேன். நானா கத்தினேன்?

3 ஆகஸ்ட், வியாழன்

பானுவின் தலை சுத்தம். அய்யம்மாளே ஒப்புக்கொண்டார். அறிவியலுக்கு வெற்றி. என் தலைதான் அரிக்கிறது. புது ஷாம்பூ ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

10 ஆகஸ்ட், வியாழன்

பானுவின் தலையில் மறுபடி பேன்.

அவள் பெஞ்சில் ஒருத்தி வீட்டில் நேற்றுத்தான் லோஷன் தேய்த்தார்கள். இன்னொருத்தியின் அம்மா, "தீவாளி ஆர்டர் முடியட்டும் டீச்சர், இப்ப சீசன்ல ஏது நேரம்?" என்கிறார். தீபாவளி வரை பேன் காத்திருக்குமா?

அய்யம்மாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். "நாளைக்குக் கடைசி வெள்ளி. கம்பெனி லீவு. கிளம்பிருவோமா டீச்சர்?"

நான் நேர்ந்துகொள்ளவில்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றேன்.

"ஆத்தா படத்துக்கு முன்னாடி நின்னுல்ல சொன்னீக. பரவாயில்ல, உங்களுக்கு முடியலைன்னா பிள்ளை முடியக் குடுத்துட்டுப் போறேன்."

மூன்று கத்திரி மட்டும் வெட்டுவார்களே, பூமுடி, அதற்குப் பேசிப் பார்க்கலாம். ஒரு நாள் விடுப்பு. துணைக்குத்தான் போகிறேன்.

11 ஆகஸ்ட், வெள்ளி

பூமுடி செல்லாதாம். "அம்புட்டு பெரிய வாக்குக்கு மூணு மயிரா டீச்சர்?"

மொட்டைக் கொட்டகையில் வரிசை நகர்ந்தது. அய்யம்மாள் பானுவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பானு அழவில்லை. சடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பதில் தெரியாத கேள்வியைக் கேட்டாளே, அதே பார்வை.

"எந்திரி" என்றேன். நான் உட்கார்ந்தேன். எனக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது. பிறகு ஏன்? எழுதவே வெட்கமாக இருக்கிறது.

முடி இறக்குபவர் தண்ணீரைத் தெளித்துத் தலையைத் தேய்த்தார். நிறுத்தினார். கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "ஏ யக்கா, இங்கன ஒரு ஊரே குடியிருக்கு!" என்றார்.

அப்போ அரிப்புக்குக் காரணம் ஷாம்பூ இல்லை.

பானுவுக்கு மூன்று கத்திரி. அது போதும் என்றுவிட்டார் அய்யம்மாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை முடிந்து வந்திருந்த என் கணவர் திறந்தார். "யாரும்மா வேணும்?" என்றார். பிறகு சிரித்தார். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நாளை சனி, பள்ளி உண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள். தாய்மார்கள், பேன் டீச்சர் தலையிலேயே பேன் என்பார்கள். இனி யார் என் பேச்சைக் கேட்பார்கள்?

12 ஆகஸ்ட், சனி

பிள்ளைகள் சிரித்தார்கள். நெடுநேரம்.

ஆனால் அதற்கு முன், பள்ளி வாசலில் தாய்மார் கூட்டம். அய்யம்மாள் விடியும் முன்பே தெருத்தெருவாகச் சொல்லியிருக்கிறார். நான் ஒரு மாதமாகக் கரடியாகக் கத்தியும் கேட்காதவர்கள், என் தலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். சண்முகத்தாய்தான் முன்னால் வந்தார். "நம்ம பிள்ளைகளுக்காக டீச்சரே முடி குடுத்துட்டாக. எந்தக் கிழமைன்னு சொல்லுங்க டீச்சர், எல்லாருமா தேய்ச்சிருவோம்."

"நாளைக்கு. எல்லாரும் ஒரே நாளில்."

"சரிங்க டீச்சர்." ஒருவர்கூடச் சீசன் என்று சொல்லவில்லை.

தாளாளர் அச்சகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் அனுப்பியிருந்தார். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை.

கடைசிப் பாடவேளையில் பானு எழுந்தாள், சடை முன்னால் தொங்க. "டீச்சர், பேன் தூங்குமான்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"தெரியாது. பார்த்துச் சொல்ல இப்ப என் தலையில ஒண்ணுகூட இல்ல" என்றேன்.